மூன்று புட்டி குவெர்செட்டின்: காரைக்குடிக் கணக்கர் ஒருவரின் மதிப்பீடு

இருபது ஆண்டுகளாகக் காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருமுறை எழுவேன், பிறகு இரவு எட்டு மணிக்குக் கடை சாத்தும்போதுதான் எழுவேன். சென்ற ஆண்டு, நாற்பத்து மூன்றாம் வயதில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் பம்பரத்து ஆணியின் மேல் உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஒரு வலி தொடங்கியது. சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும், அடிவயிறு கனக்கும், தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒரு நாள் முழுவதும் எரியும். வீட்டில் இதை ‘சூடு’ என்றார்கள். வெந்தயம் ஊறிய நீர், இளநீர், சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன். எண்ணெய்க் குளியலன்று மட்டும் சற்று இதமாக இருந்தது. அதன் காரணம் எண்ணெய் அல்ல, வெந்நீர் என்பது பின்னால்தான் விளங்கிற்று.

அழற்சியைத் தணிக்கும் என்று நம்பி இணையத்தில் வாங்கிய குவெர்செட்டின் மாத்திரையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. அதற்கு முன்னும் பின்னும் எடுத்துக்கொண்ட சிகிச்சைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் ஒரு மருந்தின் மதிப்பு இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. என் குறைகளில் ஒன்று நிறுவனத்தைச் சார்ந்தது என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அதே குறை வேறு புட்டிகளிலும் இருக்கக் கண்டேன்.

முதலில் பார்த்த மருத்துவர் சிறுநீர்க் கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனை எடுக்காமலேயே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நான்கு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். கூடவே சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசினும் தந்தார். பலன் இல்லை. இந்த இரண்டு மருந்துகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் 196 ஆண்களிடம் ஆறு வாரங்களுக்குச் சோதித்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று 2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, வீணாகப் போன அந்த மாதத்தை நினைத்து வருந்தினேன். இரண்டாவதாகப் பார்த்த சிறுநீரியல் மருத்துவர் கல்ச்சர் எடுத்தார், கிருமி வளரவில்லை. பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் இரத்தப் பரிசோதனை அளவும் ஸ்கேனும் இயல்பாக இருந்தன. அதன் பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: நாட்பட்ட சுக்கிலச் சுரப்பி (புராஸ்டேட்) அழற்சி, அதாவது நாட்பட்ட இடுப்புவலி நோய்த்தொகுப்பு.

இந்தப் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரை வாங்குகிறவர் அதை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்நோய் நான்கு வகை. திடீர்க் கிருமித் தொற்று முதல் வகை, நாட்பட்ட கிருமித் தொற்று இரண்டாவது, கிருமி இல்லாத நாட்பட்ட இடுப்புவலி மூன்றாவது, வலியே இல்லாமல் தற்செயலாகத் தெரியவரும் அழற்சி நான்காவது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாவது வகையில்தான் அடங்குகிறார்கள். அந்த மூன்றாவதையும் சுரப்பி நீரில் வெள்ளணுக்கள் இருப்பது, இல்லாதது என இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆனால் வலியே அறியாத ஆண்களின் சுரப்பி நீரிலும் வெள்ளணுக்கள் காணப்படுகின்றன. வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கும் வலியின் கடுமைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. ஆகவே, ‘அழற்சி’ என்று பெயரில் இருப்பதாலேயே அழற்சியை அடக்கும் மாத்திரை நோயை அடக்கிவிடும் என்று நம்பிவிட முடியாது. நான் நம்பினேன்.

மருத்துவர் தந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தாள். ஒன்பது கேள்விகள், வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12 என மொத்தம் 43 மதிப்பெண். மதிப்பெண் கூடினால் துன்பம் கூடுதல். ஆறு மதிப்பெண் குறைந்தால்தான் நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். ஐந்தொகை போட்டே பழகிய கைக்கு இது போதாதா! ஞாயிறுதோறும் காலையில் அந்தத் தாளை நிரப்பி, பழைய பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதிவந்தேன். தொடக்கத்தில் வலி 13, சிறுநீர் 5, வாழ்க்கைத் தரம் 9, ஆக 27. சிப்ரோஃப்ளாக்சசின் முடிந்த வாரத்தில் 26.

இரண்டாவது மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது செலகாக்சிப் என்ற அழற்சி எதிர்ப்பு வலிமாத்திரை, நாளொன்றுக்கு 200 மில்லிகிராம், ஆறு வாரங்கள். கொடுப்பதற்கு முன் இரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதிக்கச் சொன்னார், சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதா என்றும் வயிற்றுப் புண், இதய நோய் உண்டா என்றும் கேட்டார். இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் இதே மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைகளை நான் அறிவேன். மாத்திரை மலிவு, ஆறு வாரங்களுக்கும் சேர்த்து நானூறு ரூபாய்க்கும் குறைவாகவே ஆயிற்று. மதிப்பெண் 26இலிருந்து 20க்கு இறங்கியது. நான்காம் வாரத்தில் பழையபடி மதியம் வரை எழாமல் உட்கார முடிந்தது. நிறுத்திய மூன்றாம் வாரத்தில் 25. சீனாவில் 64 ஆண்களிடம் இதே அளவில், இதே ஆறு வாரங்களுக்கு நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வும் இதையே சொல்கிறது: சாப்பிடும் வரை பலன் இருக்கும், நிறுத்தினால் தொடராது. மாதக்கணக்கில் தொடரலாமா என்று கேட்டேன். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் காட்டி மருத்துவர் மறுத்துவிட்டார்.

அவர் மறுத்ததற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. செலகாக்சிப்பின் உறவு மருந்தான ரோஃபெகாக்சிப்பை 161 ஆண்களிடம் சோதித்து, 50 மில்லிகிராம் என்ற கூடுதல் அளவில் ஓரளவு பலன் உண்டு என்று 2003இல் எழுதினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்ற காரணத்தால், அந்த மருந்தே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மதிப்பெண் இறங்குவது ஒரு பக்கம் இருக்க, எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்பதை மறுபக்கத்தில் எழுதாமல் கணக்கு முடியாது. இன்னொரு வேடிக்கை: இந்த மாத்திரைகள் தடுக்கும், வலியையும் அழற்சியையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வான் ஆய்லர். 1930களில் விந்து நீரில் அதைக் கண்டு, புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பது என்று எண்ணி அப்படி அழைத்தார். உண்மையில் அதன் பெரும்பகுதி விந்துப் பைகளிலிருந்து வருகிறது. இந்தச் சுரப்பியின் மேல் தவறான பற்று எழுதுவது அன்றே தொடங்கியிருக்கிறது.

இனிக் குவெர்செட்டினுக்கு வருகிறேன். இது வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இயற்கையாக இருக்கும் ஒரு மஞ்சள் நிறப் பொருள். அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளையும் ஹிஸ்டமின் வெளியாவதையும் தணிப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில் டேனியல் ஷோஸ்கிஸ் என்ற சிறுநீரியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்நோயுள்ள 30 ஆண்களில் ஒரு பாதிக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை குவெர்செட்டினும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் ஒரு மாதம் கொடுத்தார்கள். குவெர்செட்டின் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 21இலிருந்து 13.1க்கு இறங்கியது, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 20.2இலிருந்து 18.8தான். குறைந்தது கால் பங்கு முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 67 விழுக்காடு, இரண்டாவதில் 20 விழுக்காடு. படித்தவுடன் வாங்கிவிட்டேன். முப்பது பேர் என்பது நம் ஊரில் ஒரு பந்தியில் உட்காருகிறவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு என்பது வாங்கிய பிறகுதான் மனத்தில் உறைத்தது.

மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்கினேன். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எதுவும் நான் எடுப்பதில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பின், “சாப்பிட்டுப் பாருங்க, ஆனா ரொம்ப எதிர்பார்க்காதீங்க” என்றார். வீட்டில் ஆத்தா, “வெங்காயத்துல இருக்குங்கிற, அதுக்கு எதுக்கப்பா புட்டி?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நூறு கிராம் வெங்காயத்தில் சில பத்து மில்லிகிராம் அளவே இருக்கிறது. ஆய்வில் கொடுத்த ஆயிரம் மில்லிகிராமை எட்ட நாளொன்றுக்குக் கிலோக்கணக்கில் உரிக்க வேண்டும். சாம்பாரில் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடும் எங்கள் வீட்டிலும் அது நடக்காது.

புட்டியில் அறுபது மாத்திரைகள், விலை 950 ரூபாய். கூடு தெளிவானது, உள்ளே இருக்கும் பொடி மஞ்சள்தூளைவிடச் சற்று வெளிறிய நிறம். மணம் ஏறக்குறைய இல்லை. குவெர்செட்டின் குடலில் எளிதாக உறிஞ்சப்படாது என்பதால் அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமிலைன் என்ற நொதியைச் சேர்த்திருக்கிறார்கள். இது நல்ல அம்சம். வெறும் வயிற்றில் எடுத்த முதல் நாள் குமட்டியது, சோற்றுக்குப் பின் எடுத்தபோது குமட்டவில்லை. முதல் வாரத்தில் இரண்டு நாள் இலேசான தலைவலி வந்தது. வேறு தொல்லை இல்லை.

குறை எங்கே என்றால், முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘500 மி.கி.’ என்று இருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என முதல் புட்டியை முப்பது நாள் சாப்பிட்டேன். மதிப்பெண் 25இலிருந்து 24. ஆய்வில் இறங்கியது எட்டு, எனக்கு இறங்கியது ஒன்று என்றதும் வாடிக்கையாளர் பற்றுச்சீட்டைச் சரிபார்ப்பது போலப் புட்டியின் பின்பக்கத்தை எழுத்துக் கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘ஒரு பரிமாறல் அளவு: இரண்டு மாத்திரை’ என்று அங்கே இருந்தது. ஆக, முன்பக்கத்து 500 இரண்டு மாத்திரைக்குச் சேர்த்து; ஒரு மாத்திரையில் 250 மில்லிகிராம்தான். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட நாளுக்கு நான்கு மாத்திரை வேண்டும். அறுபது மாத்திரைப் புட்டி பதினைந்தே நாளில் தீர்ந்துவிடும். மாதச் செலவு 950 அல்ல, 1900 ரூபாய். இரண்டாவது, மூன்றாவது புட்டிகளை அந்தக் கணக்கில் அடுத்த முப்பது நாளில் முடித்தேன். மதிப்பெண் 24இலிருந்து 20.

இந்த நான்கு மதிப்பெண்ணையும் மாத்திரையின் வரவில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே மாதத்தில்தான் நான் மிளகாயைக் குறைத்தேன், காபியை மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன், நாற்காலியில் நடுவே குழி உள்ள மெத்தை ஒன்றைப் போட்டேன். இந்நோய் உள்ள ஆண்களிடம் எந்த உணவு வலியைக் கூட்டுகிறது என்று கேட்டபோது, காரமான உணவு, காபி, தேநீர், மது, மிளகாய் ஆகியவற்றையே பலரும் சொல்லியிருக்கிறார்கள். செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு இது சிறைத்தண்டனை. வரமிளகாய்த் துவையல் இல்லாமல் வெள்ளைப் பணியாரமும், மிளகு மட்டும் போட்ட கோழி வறுவலும் இரண்டு மாதம் உண்டேன். மனைவி எனக்கென்று தனிச் சட்டியில் சமைத்ததற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் கட்டுப்பாட்டை மீறி உண்ட மறுநாள் எரிச்சல் திரும்பியது. மூன்று செலவுகளை ஒரே வரியில் எழுதிவிட்டு எதனால் இலாபம் வந்தது என்று கேட்கும் கணக்குப்பிள்ளையை நான் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன். என்னுடைய சோதனை அப்படிப்பட்டதுதான்.

மருந்துகள் அனைத்தையும் ஒருசேரப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்டிருக்கிறது. 99 ஆய்வுகள், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். அழற்சி எதிர்ப்பு மருந்துகள் சராசரியாக 2.5 மதிப்பெண் குறைக்கின்றன. தாவர மருந்துகள் ஐந்தை ஒட்டிக் குறைக்கின்றன. இரண்டுக்கும் சான்றின் உறுதி குறைவு என்பது அதன் கணிப்பு. ஆறு மதிப்பெண் என்ற வரம்பை இரண்டுமே எட்டவில்லை. தாவர மருந்துகளில் கோதுமைக்கு உறவான ரை என்னும் தானியத்தின் மகரந்தச் சாறு, ஜெர்மனியில் 139 ஆண்களிடம் பன்னிரண்டு வாரம் நடந்த ஆய்வில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. அதை நான் உட்கொண்டதில்லை, எனவே மதிப்பிடவில்லை. ஸ்டீராய்டு வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்; பிரெட்னிசோலோனைச் சோதித்த சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை. மலேசியாவின் பினாங்கில் 89 ஆண்களிடம் இருபது அமர்வுகளாக அக்குபங்சர் கொடுத்துப் பார்த்ததில் 73 விழுக்காட்டினர் முன்னேறினார்கள் என்று 2008இல் வந்த ஆய்வைப் படித்தபோது, நம் செட்டிநாட்டார் வட்டிக்கடைப் பெட்டியடி வைத்துப் பணம் சேர்த்த ஊரிலிருந்து இப்படியும் ஒரு வரவு வந்திருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஆனால் போலி ஊசி குத்தப்பட்டவர்களிலும் 47 விழுக்காட்டினர் முன்னேறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உண்மையான மாற்றம் வந்தது மருந்துப் புட்டியிலிருந்து அல்ல. மருத்துவர் மறுமுறை பரிசோதித்தபோது, சுரப்பியை அழுத்தினால் வலி இல்லை, அதைச் சுற்றியுள்ள இடுப்படித் தசைகளை அழுத்தினால் உயிர் போகிறது என்பதைக் கண்டார். ஓயாமல் இறுகிக் கிடக்கும் தசைக்கு அழற்சி எதிர்ப்பு மாத்திரை என்ன செய்யும்? மதுரையில் இதற்கென இயன்முறை மருத்துவம் செய்யும் ஓரிடத்துக்கு அனுப்பினார். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் இரண்டு மணி நேரம். குழி மெத்தையைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போவேன், பக்கத்து இருக்கைக்காரர்கள் மூலத்துக்கு மருந்து சொல்வார்கள். முதல் நாளே அந்த இயன்முறையாளர், நான் இணையத்தைப் பார்த்துச் செய்துவந்த, இடுப்படித் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். “ஏற்கெனவே இறுகியிருக்கிறதை மேலும் இறுக்குறீங்கண்ணே. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழே தளர்த்தப் பழகுங்க” என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தசையை விரலால் அழுத்தித் தளர்த்துவது, தொடையின் உட்பக்கத்தையும் புட்டத்தையும் நீட்டும் பயிற்சிகள், இரவில் அகன்ற பேசினில் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் நிரப்பிக் கால் மணி நேரம் இடுப்புக் குளியல், முக்கால் மணிக்கு ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பது. எட்டு அமர்வுகள், பன்னிரண்டு வாரங்கள். மதிப்பெண் 20இலிருந்து 11. சிகிச்சை கூச்சத்தைத் தருவதுதான். வேட்டியை அவிழ்த்துப் படுப்பதற்கு முன் நான் ஒருமுறை திரும்பி வந்துவிட எண்ணினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே காத்திருக்கும் இடத்தில் ஆண்களுக்கென்று தனி மறைவு இல்லை. அது ஒரு குறை.

இறங்கியதை எல்லாம் மாத்திரையின் வரவிலேயே வைத்துக் கணக்குப் போட்டால் குவெர்செட்டினுக்கு 2850 ரூபாய் செலவிட்டு ஐந்து மதிப்பெண் பெற்றேன், மதிப்பெண்ணுக்கு 570 ரூபாய். இயன்முறைக்கு அமர்வுக்கு 600 வீதம் 4800, பேருந்துக்கு 1600, ஆக 6400 ரூபாயில் ஒன்பது மதிப்பெண். ஒன்றுக்கு 711 ரூபாய். காகிதத்தில் மாத்திரைதான் மலிவு. ஆனால் மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, மதுரைக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் 10. அழற்சி எதிர்ப்பு மருந்துகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஐந்தொகை முடிக்கும் மார்ச் மாதக் கடைசியில் வலி கூடினால் மருத்துவர் அனுமதித்தபடி ஐந்தாறு நாள் செலகாக்சிப் எடுத்துக்கொள்வேன். அந்த அளவில் அது நாணயமான மருந்து. குவெர்செட்டினை முழு அளவில் ஒரு மாதம் முயன்று பார்ப்பதில் பெரிய தீங்கு இல்லை, பணம் ஒதுக்க முடிந்தவர்கள் பார்க்கலாம். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன். குளிர்காய்ச்சலோடு வலி வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும் மாத்திரையோ மதிப்பீடோ தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்; அது வேறு நோய்.

முன்பக்கத்து 500 பற்றி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பரிமாறல் அளவு பின்பக்கத்தில் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதாக இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்; அந்தத் தெளிவின் உயரம் ஒரு மில்லிமீட்டர். அதற்கு நேர் கீழே, அதைவிடச் சற்றுப் பெரிதாக, ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.